ஒரு வருஷம் ஆயிடுச்சுங்கிறதுக்காக பெண் பாம்பு ரெடி ஆயிடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல செல்லப்பிராணி பக்கத்துல பால் பைத்தான் (ball python, ஆப்பிரிக்காவுல இருக்கிற ஒரு சின்ன மலைப்பாம்பு வகை) வளர்ப்பு பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். கூண்டு சூடு, ஈரப்பதம், எலி சைஸ் எல்லாம் சரியா எழுதியிருந்தாங்க, அதுக்கு நன்றி. ஆனா கடைசி பாராவுல பெண் பாம்பு 1500 கிராம் வந்துட்டா வருஷா வருஷம் முட்டை எடுக்கலாம்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, அத படிச்சதுல இருந்து எனக்கு மனசு ஆறல. அதே மாதிரி ஒரு வரிய நம்பி நானே ஒரு பாம்ப கிட்டத்தட்ட சாகடிச்சிருக்கேன், அதனாலதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

அந்த 1500 கிராம் கணக்கு எங்க இருந்து வந்துச்சுன்னா, அது இதுவரைக்கும் முட்டையே போடாத இளம் பெண் பாம்புக்கு சொல்றது. சுமார் 3 வயசு ஆகி, ஒழுங்கா தின்னு வளர்ந்து, 1500 தாண்டினா முதல் தடவை ஆணோட சேர்க்கலாம்னு பெரும்பாலானவங்க வச்சிருக்கிற ஒரு குறைந்தபட்ச அளவு, அவ்வளவுதான். ஏற்கனவே முட்டை போட்ட தாய்க்கு அது பொருந்தாது. 1200ல இருந்து ஏறி ஏறி 1500 வந்த பாம்பும், 1850 இருந்து முட்டை போட்டு இளைச்சுப்போய் திரும்ப 1500க்கு வந்திருக்கிற பாம்பும் தராசுல ஒண்ணுதான், உடம்புல ஒண்ணு இல்ல.

முட்டை போடுறதுக்கு அது என்ன விலை குடுக்குதுன்னு யோசிச்சு பாருங்க. ஒரு ஈட்டுல, அதாவது ஒரு தடவை போடுறதுல, சராசரியா 6 முட்டை, சிலது 3 போடும் சிலது 10 கூட போடும், ஒவ்வொரு முட்டையும் 80, 90 கிராம் இருக்கும், அதுலயே 500 கிராமுக்கு மேல ஒரே நாள்ல உடம்ப விட்டு போயிடுது. அதுக்கு முன்னாடி கர்ப்பமா இருக்கிற காலத்துல நிறைய பாம்பு தீனியே தொடாது. முட்டை போட்ட பிறகு அதுமேலயே சுத்திக்கிட்டு அடைகாக்க விட்டா இன்னும் 2 மாசம் பட்டினி, ஏன்னா 31, 32 டிகிரியில முட்டை பொரிய 55லேர்ந்து 60 நாள் ஆகும், அதுவரைக்கும் நகராது. சும்மா சூட்டுக்காக மட்டும் சுத்திக்கிறது இல்ல, முட்டைல இருக்கிற ஈரம் காஞ்சு போகாம காப்பாத்துறதும் அந்த சுத்துதான், அவ்வளவு இறுக்கமா பிடிச்சிருக்கும். இது எல்லாத்துக்கும் செலவு உடம்புல சேத்து வச்சிருந்த கொழுப்பும் தசையும்தான், மொதல்ல சேமிச்சுட்டு பிறகு முட்டை போடுற ஜாதி இது. அப்போ சேமிப்பு திரும்ப நிறையாம அடுத்த ஈடு எதுல இருந்து வரும்?

இப்போ மாசக் கணக்கு போடுங்க. முட்டை போட்டு 2 மாசம் அடைகாத்தல், அது முடிஞ்சு தீனி எடுக்க ஆரம்பிக்க ஒரு வாரம் ரெண்டு வாரம், அடுத்த சீசனுக்கு ஆண சேர்க்கிற நேரம் வர்றதுக்குள்ள கையில இருக்கிறது 4 மாசமோ 5 மாசமோதான். போன உடம்பெல்லாம் அதுக்குள்ள திரும்ப வரணும்னு எதிர்பார்க்கிறோம். 100 கிராம் எலிய குடுத்தா 100 கிராம் உடம்பு ஏறும்னு நினைக்கிறவங்க இருக்காங்க, அப்படி எல்லாம் ஏறாதுங்க.

என் பாம்பு விஷயத்த சொல்றேன். முதல் ஈட்டுக்கு முன்னாடி 1850 கிராம், 4 வயசு, நல்ல உருண்டையான உடம்பு. 7 முட்டை போட்டுச்சு, 7ம் நல்ல முட்டை, நான்தான் ஆசப்பட்டு அதையே அடைகாக்க விட்டேன், குட்டி வெளிய வந்த அன்னிக்கு தாய எடை பார்த்தா 1160. அஞ்சு மாசம் நல்லா தின்னுச்சு, 1540 வந்துச்சு, எனக்கு அப்போ தெரிஞ்ச ஒரே நம்பர் 1500, அதான் தாண்டிடுச்சேன்னு ஆண உள்ள விட்டுட்டேன். அது சேர்ந்துச்சு, அதையே அது ரெடிங்கிறதுக்கு சாட்சின்னு நினைச்சுக்கிட்டேன், அதுதான் பெரிய தப்பு. உடம்பு தாங்காத பாம்பு கருமுட்டைய வளர்க்காம திரும்ப உடம்புக்குள்ளயே உறிஞ்சிக்கிறது உண்டு, ஆனா எல்லாம் அப்படி செய்யாது, சிலது இளைச்ச உடம்போடயே கடைசி வரைக்கும் போயிடும். என்னோடது அப்படித்தான் போச்சு. 5 முட்டை, அதுல 2 கரு கட்டாம மஞ்சளா சுருங்கிப்போன முட்டை, மீதியும் சின்னது. தாய் 920 கிராம். அதுக்கப்புறம் 4 மாசம் எத வச்சாலும் தொடல, முதுகெலும்பு கத்தி முனை மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது, ரெண்டு பக்கமும் தோல் மடிஞ்சு தொங்குது, 840 வரைக்கும் இறங்கிச்சு. டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடி, மருந்து, திரவம்னு குடுத்து, ரொம்ப சின்ன எலியில இருந்து திரும்ப பழக்கி, மீண்டு வர முழுசா ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த ரெண்டு வருஷமும் ராத்திரி எழுந்து கூண்டுல டார்ச் அடிச்சு மூச்சு விடுதான்னு பார்த்திருக்கேன்.

அதுக்கப்புறம் நான் எப்படி முடிவு பண்றேன்னு சொல்றேன், வளர்க்கிறவங்களுக்கு உதவும்.

எடை பார்க்கணும், ஆனா தீனிக்கு முன்னாடி, கழிவு போன பிறகு, ஒரே தராசுல. வயித்துல எலிய வச்சுக்கிட்டு பார்த்த எடை எடையே இல்ல. முந்தின ஈட்டுக்கு முன்னாடி, ஆண சேர்க்கிறப்போ என்ன எடை இருந்துச்சோ அது திரும்ப வந்திருக்கணும், வந்தா மட்டும் போதாது, வந்த எடை ரெண்டு மூணு மாசம் அப்படியே நிக்கணும். ஒரு மாசம் தொட்டுட்டு அடுத்த மாசம் 80 கிராம் இறங்கினா அது இன்னும் ஆகலன்னு அர்த்தம். நடுவுல ஒரு தடவையாவது ரெண்டு தடவையாவது சட்டைய முழுசா ஒரே துண்டா உரிச்சிருக்கணும், தீனிய வாராவாரமோ பத்து நாளைக்கு ஒரு தடவையோ தயங்காம எடுக்கணும்.

தராச விட எனக்கு கைதான் முக்கியம். முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் கட்டை விரலால தடவி பாருங்க, தசை நிறைஞ்சு இருந்தா எலும்பு லேசா தெரியும் ஆனா குத்தாது. பள்ளம் மாதிரி இருந்துச்சுன்னா தராசு என்ன சொன்னாலும் விட்டுடுங்க. வால் ஆரம்பிக்கிற இடமும் காட்டிக் குடுக்கும், அங்க ஒட்டிப்போய் சட்டுனு மெலிஞ்சிருந்தா சேமிப்பு இன்னும் திரும்பல. பக்கத்துல தெரிஞ்ச டாக்டர் இருந்தா ஸ்கேன் பண்ணி கருமுட்டை எந்த அளவுல இருக்குன்னும் பார்த்துடலாம்.

இத சொன்னா சிலர் அப்படியே தலைகீழா போயிடுறாங்க, சீக்கிரம் எடை ஏத்தணும்னு பெரிய பெரிய எலியா அடுக்கடுக்கா குடுக்கிறாங்க. அதுவும் ஆபத்துதான். பட்டினியில இருந்து எழுந்த பாம்புக்கு முதல்ல சின்ன எலி, அத செரிச்சு கழிவு போன பிறகு அடுத்தது, பிறகுதான் உடம்போட தடிச்ச இடத்து அளவுக்கு ஏத்த எலி. கொழுப்பு மட்டும் ஏறி தசை ஏறாத பாம்பு முட்டைய வெளிய தள்ள சிரமப்படும், முட்டை உள்ளயே மாட்டிக்கிட்டா ஆபரேஷன் வரைக்கும் போகும், உயிரே கூட போகும். ரொம்ப இளைச்சதுக்கும் இதே கதி. சீக்கிரம் மீளணும்னா அதுக்கு நல்ல வழி ஒண்ணு இருக்கு, முட்டைய இன்குபேட்டருக்கு (முட்டை பொரிக்க சூடு குடுக்கிற பெட்டி) மாத்திட்டு, படுக்கைய மாத்தி, தாய வெதுவெதுப்பான தண்ணியில கழுவி முட்டை வாசனைய போக்கிட்டா நிறைய பாம்பு கொஞ்ச நாள்லயே தீனிக்கு வந்துடும், அந்த 2 மாச பட்டினி மிச்சம்.

இன்னொரு விஷயம். ஓய்வு குடுக்கிறேன்னு ஆண பிரிச்சு வச்சாலே முட்டை வராதுன்னு நினைக்காதீங்க. பெண் பாம்பு ஆணோட விந்தணுவ உடம்புக்குள்ளயே வச்சிருந்து பிற்பாடு பயன்படுத்தும், ஆணே இல்லாம முட்டை போட்டதும் உண்டு. அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில 2020 ஜூலையில ஒரு பால் பைத்தான் 7 முட்டை போட்டுச்சு, வயசு 62க்கு மேல இருக்கும்னு சொன்னாங்க, ஆண் பாம்பு பக்கத்துல போய் 15 வருஷத்துக்கு மேல ஆச்சாம். அதனால ஓய்வு வருஷத்துலயும் வயிறு திடீர்னு வீங்குதா, தண்ணி பாத்திரத்த சுத்திக்கிட்டு குளிர்ந்த பக்கமே தேடுதா, மல்லாந்து படுக்குதான்னு கவனிச்சுக்கிட்டே இருக்கணும்.

அந்த செய்திய படிச்சப்போ எனக்கு தோணினது வேற. இவ்வளவு காலம் வாழக்கூடிய ஒரு உயிருக்கு ஒரு வருஷம் காத்திருக்க நமக்கு என்ன அவசரம்? மேற்கு ஆப்பிரிக்காவுல அதோட சொந்த காட்டுல கூட, எலி வளையிலயும் கறையான் புத்துலயும் முட்டை போடுற பாம்பு எல்லாமே வருஷா வருஷம் போடுறது இல்ல, பலது ஒரு வருஷம் ரெண்டு வருஷம் விட்டுத்தான் போடுது. நல்லா மீண்டு வந்த பாம்பு அடுத்த வருஷமே போடுறதும் உண்டு, அத நான் இல்லைங்கல, ஆனா அந்த முடிவு காலண்டர பார்த்து எடுக்கிறதா இருக்கக்கூடாது.

ஆசிரியர் ஐயா, அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்க, ரெண்டு வரி போதும். 1500 கிராம்ங்கிறது முதல் ஈட்டுக்கான குறைந்தபட்சம், முட்டை போட்ட தாய்க்கு பழைய எடையும் தசையும் திரும்ப வந்து நிலைக்கிற வரைக்கும் இடைவெளி விடணும்னு போட்டா போதும்.

என்னோடது இப்போ நல்லா இருக்கு. போன ஞாயித்துக்கிழமை 1790 கிராம், தயங்காம தின்னுது, முதுகு ரெண்டு பக்கமும் நிறைஞ்சிருக்கு. ஆனா அதுக்கு முந்தின மாசம் 1820 இருந்துச்சு, 30 கிராம் இறங்கியிருக்கு. ஆண் பாம்பு கூண்டு அடுத்த ரூம்லதான் இருக்கு, இந்த சீசனும் அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகர்