ஐந்து வேலைக்கு ஒரே மெஷின் வாங்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சுயதொழில் பக்கத்தில், தச்சுப்பட்டறை வைக்க நினைக்கிற பிள்ளைகள் அறுக்க, இழைக்க, துளை போட எல்லாம் ஒன்றாக இருக்கிற காம்பினேஷன் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டால் போதும், இடமும் காசும் மிச்சம் என்று எழுதியிருந்தீர்கள். 2014 ஏப்ரலில் உருட்டுமர ஏற்றுமதிக்குத் தடை வந்து, மரத்தை இங்கேயே அறுத்து இழைத்தாக வேண்டிய நம் மியன்மாரில் இழைக்கிற வேலைக்குக் குறைவு வராது என்று சொன்னது சரி. மெஷின் விஷயம் பாதிதான் சரி, மீதிப் பாதியை நம்பி யாராவது கடன் வாங்கிவிடப் போகிறார்களே என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பட்டறையில் எத்தனை பேர் வேலை செய்யப் போகிறார்கள்? இதைக் கேட்காமல் எந்த மெஷின் நல்லது என்று சொல்லவே முடியாது.

இழைப்பதில் இரண்டு வேலை உண்டு. ஜாயிண்டர் என்கிற மெஷின் பலகையின் ஒரு முகத்தை மட்டமாக்கும், பிறகு ஓரத்தை அந்த முகத்துக்கு மூலைமட்டமாக்கும். திக்னஸ் பிளானர் அந்த மட்டமான முகத்தைக் கீழே வைத்து மறுபக்கத்தை ஒரே கனத்துக்குக் கொண்டுவரும். வளைந்த பலகையை நேரே திக்னஸில் விட்டால் உருளைகள் அதை அமுக்கிப் பிடித்து இழைக்கும், வெளியே வந்ததும் பலகை பழையபடி வளைந்துகொள்ளும். கனம் ஒன்றாக இருக்கும், கோணல் அப்படியே இருக்கும். அதனால் இரண்டு வேலையும் வேண்டும், முகம் முதலில், கனம் பிறகு.

இந்த இரண்டை மட்டும் சேர்த்த காம்பினேஷன் இருக்கிறதே, அதில் ஒரே கத்தித் தலை (கத்திகள் பதித்துச் சுழலும் உருளை), மேலே ஜாயிண்டர், கீழே திக்னஸ். தனி ஆளாக வேலை செய்கிறவருக்கு அது நல்ல மெஷின், தயங்காமல் சொல்வேன், காரணம் அகலம். தனி ஜாயிண்டர் என்று கையிலுள்ள காசுக்குப் பார்த்தால் 6 அங்குலம், மிஞ்சினால் 8 அங்குலம். 12 அங்குலத்துக்குத் தனி ஜாயிண்டர் என்றால் எடையும் விலையும் எங்கோ போய்விடும், ஆனால் காம்பினேஷனில் 10, 12 அங்குலம் சாதாரணம். பத்து அங்குலத் தேக்குப் பலகையை 6 அங்குல ஜாயிண்டருக்காக இரண்டாகக் கிழித்து, இழைத்து, மறுபடி ஒட்டினால் ரேகை பொருந்தாது, கதவு வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பதே அந்த ஒட்டைத்தான். ஒரு குறை, மேசை நீளம் குறைவு. மேசையின் மொத்த நீளத்தைப்போல இரண்டு மடங்கு வரை பலகையை நேராக்கலாம் என்பது தொழிலில் சொல்கிற கணக்கு, அதற்கு மேல் நீளமான நிலைக்கால்களுக்கு நீள மேசை உள்ள தனி ஜாயிண்டர்தான் சுகம்.

இரண்டாவது ஆள் வந்துவிட்டால் கதை மாறுகிறது. மேல்மேசையைத் தூக்கி, தூள் போகும் மூடியைத் திருப்பி மாற்றுவது ஓரிரு நிமிட வேலைதான். ஆனால் திரும்ப ஜாயிண்டருக்கு வரும்போது பல மாடல்களில் கீழ்மேசையை இறக்கியாக வேண்டும், வைத்திருந்த கனம் போய்விடும். தனி ஆள் எல்லாப் பலகைக்கும் முகம் எடுத்து முடித்துவிட்டு ஒரே தடவை மாற்றிக்கொள்வார். இரண்டு பேர் இருந்தால் ஒருவருக்கு முகம் வேண்டும், இன்னொருவருக்குக் கனம் வேண்டும், ஒருவர் சும்மா நிற்பார், மின்சாரம் இருக்கிற கொஞ்ச நேரமும் அதிலேயே போகும். அங்கே தனித்தனி மெஷின்தான்.

ரம்பத்தையும் சேர்த்த ஐந்து வேலை மெஷின் எனக்கு அறவே பிடிக்காது. ரம்பம் நாள் முழுக்க வேண்டிய பொருள், அதைப்போய் இழைக்கிற வேலையோடு கட்டிப்போடுவானேன்?

கட்டுரையில் கத்தியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தேக்கில் சிலிக்கா உண்டு, சாதாரண ஸ்டீல் கத்தி சீக்கிரம் மழுங்கும். காம்பினேஷனில் இரண்டு வேலையையும் அதே கத்திதான் செய்கிறது. ஸ்டீலைவிடக் கடினமான கார்பைடில் செய்த, நான்கு முனை உள்ள சின்னக் கத்திகள் பதித்த தலை கிடைத்தால் விலை கூடினாலும் வாங்குங்கள், ஒரு முனை போனால் திருப்பி வைத்துக்கொள்ளலாம். அப்புறம் ஜெனரேட்டர். 3 குதிரைசக்தி மோட்டார் கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும், வீட்டுக்கு வைத்திருக்கிற சின்ன ஜெனரேட்டர் திணறும்.

பழைய ஹிட்டாச்சி எஃப்-1000ஏ மாதிரி ஜப்பான் மெஷின் எங்காவது கண்ணில் பட்டால் அதையும் பாருங்கள். 12 அங்குலத் திக்னஸும் 6 அங்குல ஜாயிண்டரும் பக்கத்துப் பக்கத்தில், மாற்றும் வேலையே கிடையாது, ஜாயிண்டரின் அகலம்தான் குறைவு. மேசை தூக்குகிற காம்பினேஷனைப் பழையதாக வாங்குகிறவர்கள் ஒரு நேர்ச்சட்டத்தை எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டு மேல்மேசையையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து அவற்றின் மேல் வைத்துப் பாருங்கள், மேசைகளைத் தூக்கி இறக்கிவிட்டு மறுபடி வைத்துப் பாருங்கள். மட்டம் மாறியிருந்தால் கீல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம், பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வாங்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பட்டறைக்காரன்,
தான்லின், ரங்கூன்