ஆண்டறிக்கை 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கும் ஒரு படி அனுப்பப்படும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

ஆண்டின் முதல் நிகழ்ச்சியே நடக்கவில்லை. ஜனவரி 15, தைப்பொங்கலன்றே பெலால் புயல் மொரீஷியஸைத் தாக்கியது, பானை ஏற்றவில்லை. காவடி 25ஆம் தேதி நடந்தது. சித்திரைப் பிறப்பு, நவராத்திரி, தீபாவளி மூன்றும் நடந்தன. ஆசிரியர் கிடைக்காததால் தமிழ் வகுப்பு ஜூலை முதல் நின்றுபோயிருக்கிறது.

புயலன்று போர்ட் லூயிஸில் கார்கள் மிதந்ததை எல்லோரும் பார்த்தோம். நம் கோவிலின் பின்புறக் கால்வாயும் நிரம்பி மடப்பள்ளி வரை தண்ணீர் வந்தது. வடிந்த பிறகு நானும் இரண்டு பேரும் இறங்கி வாரினோம். பால்மாவுப் பை, அரிசிச் சாக்கு, தண்ணீர்ப் போத்தல், பழைய ஏழு கறி விருந்தின் கரண்டிகள். பிளாஸ்டிக் பைக்கு 2016 முதலும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் தட்டு, கரண்டிக்கு 2021 முதலும் தடை உள்ள நாடு இது. வாரியதெல்லாம் மார் சிக்கோஸுக்குத்தான் போகும். தீவு முழுவதற்கும் அந்த ஒரு குப்பைமேடுதான்.

அதனால்தான் இந்தப் பிளாஸ்டிக் கழிவில் தளக்கல் செய்யும், டிரெய்லரில் ஏற்றிய இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கலாம் என்று மார்ச் கூட்டத்தில் சொன்னேன். முப்பத்தொரு கைகள் உயர்ந்தன, குறிப்பேட்டில் இருக்கிறது. முதல் ஞாயிறு வந்தவர்கள் நான்கு பேர். அவர்களில் ஒருவர் என் மருமகன்.

வேலை கடினமில்லை. அடியில் முக்கோணத்துக்குள் 2 அல்லது 4 என்று பிளாஸ்டிக் வகை எண் போட்டதை மட்டும் பிரித்து, கழுவி, காயவைத்து, அரைத்து, உருக்க வேண்டும். அதோடு ராக்சாண்ட் என்ற கருங்கல் தூளைக் கலந்து அச்சில் அழுத்தித் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் தளக்கல் தயார். சிமெண்டும் வேண்டாம், நாள்கணக்கில் நனைத்துக் காத்திருக்கவும் வேண்டாம். லகூன் (கரையை ஒட்டிய ஆழமற்ற கடல்) மணலை எடுக்க 2001 முதல் தடை என்பதால் கருங்கல் தூள்தான்.

ஜூன் மாதம் நடந்ததையும் மறைக்கவில்லை. யாரோ தந்த சாக்கில் ஒரு துண்டு பிவிசி குழாய் இருந்திருக்கிறது. அது 3ஆம் எண். சூடேறினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். கண் எரிந்து எல்லோரும் வாசலுக்கு ஓடினோம். பக்கத்து வீட்டம்மா மதில் மேல் எட்டிப் பார்த்துச் சொன்னதை இங்கே எழுத முடியாது. சொன்னதில் நியாயம் இருந்தது. சாக்கைக் கொட்டிப் பார்க்காதது என் தவறு. இப்போது ஒவ்வொரு சாக்கையும் தார்ப்பாயில் கொட்டிப் பார்த்த பிறகே அடுப்பு பற்றவைக்கிறோம்.

"கோவிலுக்குள் குப்பையா?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் இதே கழிவைத் தாரோடு சேர்த்துச் சாலை போட்டவர், 2018இல் பத்மஸ்ரீ பெற்றவர் என்றேன். "அது ரோடு, ஐயா. இது காவடி நடக்கிற பாதை" என்றார். டிசம்பர் வெயிலில் நண்பகலில் நானே செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் நின்று பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் இறங்கிவிட்டேன். அவர் சொன்னதே சரி. மேலும், வெயிலில் கிடந்தால் நாளடைவில் மேற்பரப்பு பொடிந்து உதிரும். ஆகவே பாதைக்குப் போடுவதில்லை. கூரைக்குக் கீழே, ஏழு கறிப் பாத்திரம் கழுவும் இடத்தில் போடுகிறோம். பாதித் தளம் முடிந்திருக்கிறது. சேறு மிதிக்காமல் பாத்திரம் கழுவிய பெண்களைக் கேட்டுப் பாருங்கள்.

கணக்கைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சமம் என்று மட்டும் சொல்கிறேன். ஏறக்குறைய என்பதற்குக் காரணம் சந்தா. பாதிப்பேர் இன்னும் கட்டவில்லை. சிலருக்கு இரண்டு ஆண்டு பாக்கி. பெயர் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை. பட்டியல் என் பையில்தான் இருக்கிறது. இயந்திர வாடகையில் இரண்டு மாதத் தொகையை என் கைக்காசிலிருந்து கொடுத்தேன். திருப்பிக் கேட்கவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

தலைவர், குருக்கள், மடப்பள்ளியினர், பந்தல் போட்டவர்கள், ஒலிபெருக்கி தந்தவர் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்வேன். இதையே மூன்று ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். இயந்திரத்தை இம்மாத இறுதியில் திருப்பித் தர வேண்டும். காவடி பிப்ரவரி 11. மீதித் தளத்துக்கு இன்னும் இரண்டு ஞாயிறுகள் போதும், ஆறு பேர் வந்தால். காலை 8 மணிக்குப் பின்வாசல் திறந்திருக்கும். கையுறை பத்து ஜோடி வாங்கியிருக்கிறேன், ஆறு இன்னும் பிரிக்கப்படவில்லை.

இங்ஙனம்,
செயலாளர்
ரோஸ் ஹில், ஜனவரி 2025