படத்துக்கு முன் வரைபடம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் மாணவர் பகுதியில், பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதனுடன் அச்சிட்டிருந்த கடலும் மேகமும் சூழ்ந்த கோளின் படம் ஓவியரின் கற்பனையே என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். டர்பனில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் அதைப் புகைப்படம் என்றே நம்பிவிட்டார்கள்.

இக்கோள்களில் மிகப் பெரும்பாலானவற்றை எவரும் நேரில் பார்த்ததில்லை. 1915இல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ராபர்ட் இன்ஸ் கண்டறிந்த பிராக்சிமா செண்டாரியையே எடுத்துக்கொள்வோம். அவ்விண்மீன், நாம் நடக்கும் வேகத்தில், 11 நாளுக்கு ஒரு சுற்றாக நம் பக்கம் சற்றே வருவதும் விலகுவதுமாக இருப்பது அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் தெரியும் நிறமாலைக் கோடுகளின் நகர்விலிருந்து தெரியவந்ததால்தான், அதைத் தன் ஈர்ப்பால் அசைக்கும் ஒரு கோள் உண்டென்று 2016இல் அறிவிக்க முடிந்தது.

வகுப்பில் செய்துகாட்ட ஏற்றது மற்றொரு வழி: கோள் குறுக்கே செல்லும்போது விண்மீனின் ஒளி குறைவதை அளப்பது. நம் தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில், கடையில் விற்கும் கேமரா லென்சுகளைப் பொருத்திய வாஸ்ப் கருவி இவ்வழியில்தான் பல கோள்களைப் பிடித்தது. அவற்றில் வாஸ்ப்-18பி தன் விண்மீனை ஒரு நாளுக்குள் சுற்றிவிடுகிறது. 20 செ.மீ. விட்டமுள்ள உருண்டை விளக்கின் முன்னால், அதை ஒட்டியபடி 5 செ.மீ. பந்தை மெல்ல நகர்த்தி, தொலைவில் வைத்த கைப்பேசியின் ஒளிமானியில் அளவுகளைக் குறித்தால், வெளிச்சம் ஏறத்தாழ 6 விழுக்காடு குறையும். 2 செ.மீ. பந்தென்றால் குறைவு 1 விழுக்காடுதான். அது விளக்கின் சொந்தத் துடிப்பிலேயே மறைந்துபோகக்கூடும். ஆசிரியர்கள் இதைச் சோதனையின் தோல்வியென்று ஒதுக்கிவிட வேண்டாம். வானியலாளர்கள் ஏன் பல சுற்றுகள் பொறுத்திருந்து பார்க்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு அங்கேதான் உறைக்கும். நம் சூரியனைப் பூமி மறைப்பது 0.01 விழுக்காட்டுக்கும் குறைவு என்று அதன்பின் சொன்னால், அந்த எண்ணுக்கு ஒரு பொருள் இருக்கும்.

ஒளிக்குறைவு கோளின் பருமனை மட்டுமே தரும். எடையை அறிய விண்மீனின் அசைவையும் அளக்க வேண்டும். இரண்டும் கிடைத்த பிறகே அது பாறைக்கோளா, வாயுக்கோளா என்று பேச இயலும். பாடநூல்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் இடம் இதுவே.

எனவே, இத்தகைய செய்தியை அடுத்த முறை வெளியிடும்போது வண்ணப் படத்தைச் சிறிதாக்கி, அளவெடுத்த ஒளி வரைபடத்தையும் அருகில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
டர்பன்