வாடகைக் காரில் இலங்கை: கொழும்பிலிருந்து அண்ணனுக்கு

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அம்மா, அண்ணி, பிள்ளைகள் நலமறிய ஆவல். கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருவதாகவும், இங்கே கார் வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டிக்கொண்டு முன்னேஸ்வரம், திருக்கேதீஸ்வரம், நல்லூர், திருக்கோணேஸ்வரம், நுவரெலியா என்று சுற்றிவரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சுற்றலாம். திருச்சியில் ஓட்டிப் பழகிய கைக்கு இந்தச் சாலைகள் அன்னியமாக இருக்காது. நம் ஊர் போலவே இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். பெயர்ப்பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் இருக்கும். வெளியிலிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்வது காகிதங்களில்தான். அதனால் அதை முதலில் எழுதுகிறேன்.

ஆர்டிஓ ஆபீசில் இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் எடுத்துவிடுங்கள். படிவம் 4ஏ, கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். ஆனால் அதை மட்டும் பையில் வைத்துக்கொண்டு இங்கே ஓட்டக் கூடாது. இந்த நாட்டின் அங்கீகாரமும் சேர வேண்டும். கொழும்பு 3இல் இருக்கும் ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஆஃப் சிலோன் ஆபீசில் அந்த பெர்மிட்டைக் காட்டி அங்கீகாரச் சீட்டு வாங்குவது ஒரு வழி. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் தரும் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம், அதாவது டிரைவிங் லைசன்ஸ், இன்னொரு வழி. முன்பு இதற்கு வேரஹெரவில் இருக்கும் திணைக்கள ஆபீஸ் வரை அலைய வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே கவுண்டர் வைத்திருக்கிறார்கள். கார் வாடகைக்கு விடும் பல நிறுவனங்கள் நாம் அனுப்பும் ஸ்கேன்களை வைத்து முதல் வழியை முன்கூட்டியே முடித்துத் தருகின்றன. எனக்குப் பிடித்தது அதுதான். இரவு விமானத்தில் இறங்கி, தூங்கி வழியும் பிள்ளைகளோடு கவுண்டரில் நிற்க வேண்டாம். லைசன்ஸ் அட்டையின் அசல் கையில் இருக்கட்டும், டிஜிலாக்கரை நம்பி வராதீர்கள். அண்ணியும் ஓட்டுவதாக இருந்தால் அவருக்கும் இதெல்லாம் தனியாக வேண்டும். வாடகை ஒப்பந்தத்திலும் இரண்டு பேர் பெயரும் ஏற வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது வண்டி இடித்தால் இன்சூரன்ஸ்காரர் கைவிரித்துவிடுவார்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலில் வர வேண்டும் என்று அம்மா ஆசைப்படலாம். அது ஆட்கள் மட்டும் ஏறும் கப்பல், நம் காரை ஏற்ற முடியாது. இறங்கும் துறையிலிருந்து நான் சொன்ன ஆபீசுகள் நானூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. கார் ஓட்டும் பயணத்துக்குக் கட்டுநாயக்கவில் இறங்குவதுதான் சரி.

அடுத்தது இன்சூரன்ஸ். இதில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இங்கே சொந்த உபயோகத்துக்கென்று காப்புறுதி செய்த காரைப் பலர் வாடகைக்கு விடுகிறார்கள், வாடகையும் குறைவாகச் சொல்வார்கள். அப்படிப்பட்ட வண்டி விபத்தில் சிக்கினால், வாடகைக்குப் போனது தெரிந்ததும் கம்பெனி பணம் தராமல் போகலாம். முழுச் சேதமும் ஓட்டியவர் தலையில் விழும். ஆகவே பேரம் பேசுவதற்கு முன்பே காப்புறுதிச் சான்றிதழின் படத்தை வாட்ஸ்அப்பில் கேளுங்கள். அதில் மூன்று பார்க்க வேண்டும். வண்டி எண் சரியா, உங்கள் பயணம் முடியும் நாளுக்குப் பிறகும் செல்லுமா, வாடகைக்கு விடும் உபயோகம் அதில் எழுதியிருக்கிறதா. மூன்றாவது இல்லையென்றால் வேறு இடம் பாருங்கள். தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள வண்டியும் வேண்டாம், ஃபுல் இன்சூரன்ஸ்தான் வேண்டும். அதிலும் சேதத்தில் முதல் இவ்வளவு தொகை வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தொகையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி கராஜில் நிற்கும் நாட்களுக்கும் தினவாடகை கட்ட வேண்டும் என்ற வரி பல ஒப்பந்தங்களில் ஒளிந்திருக்கும். அதற்கு நாள் வரம்பு போடச் சொல்லுங்கள், கேட்டால் பலர் போடுகிறார்கள்.

வாடகையும் முன்பணமும் உங்களுக்கு மலைப்பாக இருக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 பிப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறிக்கொண்டே போனது. அதனால் வாடகைக்குக் கிடைப்பதில் பல பழைய ஜப்பான் வண்டிகள், சொந்தக்காரருக்கோ அது பெரிய சொத்து. முன்பணம் கேட்பது நியாயம்தான். பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் மட்டும் சம்மதிக்காதீர்கள், நகல் போதும். முன்பணம் எத்தனை நாளில், எந்த வழியில் திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு அபராதச் சீட்டு வந்தால் கழிக்க வேண்டும் என்று இரண்டு வாரம் பிடித்துவைப்பவர்களும் உண்டு.

நீங்கள் ஐந்து பேர், பெட்டிகளும் உண்டு. வேகன்ஆர் இடவசதியாக இருக்கும், ஆனால் இங்கே ஓடுவது ஜப்பானுக்காகச் செய்த சிறிய எஞ்சின் வகை, நிறை பாரத்தோடு மலையில் திணறும். டொயோட்டா ஆக்சியோ கேளுங்கள், டிக்கி பெரியது. ஹைபிரிட் ஆக்சியோ, ஆக்குவா இரண்டிலும் பின் சீட் ஓரத்தில் பேட்டரிக்குக் காற்றுப் போகும் துவாரம் ஒன்று இருக்கும். பிள்ளைகள் அதன்மேல் பையையோ போர்வையையோ போட்டு அடைத்தால் பேட்டரி சூடாகி எச்சரிக்கை விளக்கு எரியும்.

வண்டியைக் கையேற்கும்போது பகல் வெளிச்சம் இருக்கட்டும். சொந்தக்காரர் பக்கத்தில் நிற்க, சுற்றிலும் வீடியோ எடுங்கள். பம்பரின் அடிப்பக்கம், சக்கர வளையங்கள், முன் கண்ணாடியில் கல் பட்ட புள்ளி, இவற்றுக்குத்தான் பிறகு காசு கேட்பார்கள். கிலோமீட்டர் மீட்டரையும் பெட்ரோல் முள்ளையும் படம் எடுங்கள். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயரோடு நுவரெலியா ஏற வேண்டாம், மாற்றித் தரச் சொல்லுங்கள். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா பாருங்கள். பல ஹைபிரிட் வண்டிகளில் ஸ்டெப்னிக்குப் பதில் காற்றடிக்கும் சிறு கருவியும் பசை டப்பாவும்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ரெவன்யூ லைசன்ஸ் (வருடாந்திர வாகன வரிச் சீட்டு) காலாவதியாகவில்லையா என்று பாருங்கள். அதோடு காப்புறுதி அட்டை, புகைச் சான்றிதழ், சொந்தக்காரரோடு செய்த ஒப்பந்தம், இந்த நான்கும் வண்டிக்குள் இருக்க வேண்டும். போலீஸ் மறித்தால் கேட்பது இவற்றைத்தான்.

பெரும்பாலானவர்கள் ஒரு நாளுக்கு 100 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்திருப்பார்கள். உங்கள் சுற்று ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் வரும். எட்டு நாளுக்கு 800 போனால் 400 மிச்சம். கூடுதல் கிலோமீட்டருக்கு 50 ரூபாய் என்று வைத்தாலும் அதுவே 20,000. மொத்தமாக 1,200க்கு ஒரே விலை பேசிவிட்டால் லாபம். திரும்பும் வழி தவறி ஊரைச் சுற்றினாலும் மனம் பதறாது.

வழியைப் பற்றி. விமான நிலையத்திலேயே வண்டியை வாங்கிக்கொண்டு கொழும்புக்கு வராமல் வடக்கே திரும்புங்கள். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் போகும் ஏ3 சாலை பக்கத்திலேயே ஓடுகிறது. முன்னேஸ்வரம் சிலாபத்தை ஒட்டித்தான். ரயில் பாதையும் அந்தச் சாலையைத் தழுவியே போகும். உள்ளூர்ச் சாலைகளில் ஆளில்லாக் கடவைகள் உண்டு. கண்ணாடியை இறக்கி, பாட்டை நிறுத்தி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கடந்து போங்கள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வில்பத்துக் காட்டு வழியாக ஒரு குறுக்குப் பாதையை மேப் காட்டினால் ஏமாறாதீர்கள். மழை வந்தால் கலா ஓயா ஆற்றின் சப்பாத்துப் பாலம் (தரைப்பாலம்) மூழ்கிவிடும். அனுராதபுரம், மதவாச்சி வழியே சுற்றிப்போவதே நல்லது. மன்னாரிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஏ32. பூநகரி தாண்டிச் சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறும்போது இருபுறமும் கடல்நீர், அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். 2011இல் அந்தப் பாலம் திறந்த பிறகுதான் இந்த வழி உயிர்பெற்றது.

திரும்பும்போது ஏ9. ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா என்று கோடு போட்டது போல நேராக இருக்கும், கால் தானாக அழுத்தும். காருக்கு ஊருக்குள் 50, வெளியே 70, எக்ஸ்பிரஸ்வேயில் 100. வேகமானியோடு போலீஸ் நிற்பது ஊர் தொடங்கும் இடத்தில்தான். நடுவில் தொடர்ச்சியாகப் போகும் வெள்ளைக் கோட்டைத் தாண்டி முந்தினாலும் பிடிப்பார்கள். பட்டை போட்ட பாதசாரிக் கடவையில் ஆள் கால் வைத்தால் இங்கே வண்டிகள் உண்மையாகவே நிற்கும். நம் ஊர் வழக்கத்தில் ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்துவிடாதீர்கள். அதே சமயம் முன்னால் போகிறவர் திடீரென்று நிற்பார் என்பதால் இடைவெளி விட்டே போங்கள். எதிரே முந்திக்கொண்டு வரும் பஸ் விளக்கடித்தால் நீங்கள் ஒதுங்க வேண்டும் என்று பொருள். சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள்.

அபராதச் சீட்டு எழுதினால் லைசன்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, தபால் ஆபீசில் பணம் கட்டி ரசீதோடு அதே போலீஸ் நிலையத்துக்கு வரச் சொல்வது பழைய முறை. கிளிநொச்சியில் பிடிபட்டவர் கண்டிவரை போய்விட்டால் திரும்பி வர வேண்டும். இப்போது பல இடங்களில் கோவ்பே (GovPay) என்ற அரசுக் கட்டணச் சேவை மூலம் ஆன்லைனில் கட்டி அங்கேயே லைசன்ஸை வாங்கிக்கொள்ளலாம். அப்படிக் கட்ட முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள்.

திருக்கோணேஸ்வரம் இருக்கும் திருகோணமலையிலிருந்து ஹபரணை, தம்புள்ளைப் பக்கம் வரும்போது மாலை ஐந்துக்குள் அறைக்குப் போய்விடுங்கள். யானை சாலையில் நிற்கும். நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள், ஹாரனும் விளக்கும் வேண்டாம், பின்னால் போக இடம் விட்டு வையுங்கள். பழம் எறிகிறவர்களால்தான் அவை வண்டிகளை மறிக்கப் பழகுகின்றன, பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவையுங்கள்.

கண்டியிலிருந்து நுவரெலியா 77 கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதைவிட இறங்குவது கவனம். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பேட் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலை வரும். ஹைபிரிட் டொயோட்டாவில் கியரை B எழுத்துக்குத் தள்ளுங்கள் (பார்க்கிங்குக்கான P அல்ல), எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும். பிரேக்கை அவ்வப்போது அழுத்தி விட்டால் போதும். கருகிய வாசனை வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். 2025 நவம்பரில் டிட்வா புயல் மலைநாட்டை உலுக்கிவிட்டுப் போனது, எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. மே கடைசியில் தென்மேற்குப் பருவமழையும் தொடங்கும். ஆகவே மே முதல் பாதியில் வாருங்கள், கிளம்பும் காலையில் பேரிடர் முகாமை மையத்தின் 117க்கு அழைத்துச் சாலை நிலவரம் கேளுங்கள். மழை பிடித்துவிட்டால் கண்டியில் வண்டியை நிறுத்திவிட்டு, ரயில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டு, நுவரெலியாவுக்கு இறங்கும் ஸ்டேஷனான நானுஓயாவரை அதில் போங்கள். அம்மாவும் கூட இருக்கும்போது இதில் பிடிவாதம் வேண்டாம். வெசாக் போயா என்ற பௌத்தப் பௌர்ணமித் திருநாளை ஒட்டிய இரண்டு நாட்களும் ஓட்டாதீர்கள், தன்சல் எனப்படும் அன்னதானப் பந்தல்களுக்காக வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும்.

எங்காவது இடித்துவிட்டால் வண்டியை நகர்த்தாமல் படம் எடுங்கள். ஆளுக்கு அடிபட்டிருந்தால் முதலில் 1990, இலவச ஆம்புலன்ஸ் வரும். போலீசுக்கு 119. பிறகு காப்புறுதி அட்டையில் இருக்கும் எண்ணுக்கு அழையுங்கள், அவர்கள் ஆள் சம்பவ இடத்துக்கே வந்து பார்த்து எழுதுவார். அவர் வருவதற்குள் எதிராளியோடு காசு பேசி முடித்துக்கொண்டு கிளம்பினால் கிளெய்ம் போய்விடும், உங்கள் முன்பணமும் சேர்ந்து போகும்.

கடைசி நாள் வண்டியைக் கட்டுநாயக்கவிலேயே ஒப்படைத்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வெள்ளவத்தைச் சந்துகளில் நிறுத்த இடம் கிடைக்காது, காலி வீதி (Galle Road) பக்கம் ஒருவழிகள் குழப்பும். கொழும்புக்குள் பிக்மீ என்ற டாக்ஸி ஆப்பில் ஆட்டோ அழைத்தால் போதும்.

இந்த வாரமே உங்கள் லைசன்ஸின் இரு பக்கமும், பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும், பெர்மிட் கைக்கு வந்ததும் அதுவும் ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். சின்னவனின் உயரத்தையும் எழுதுங்கள். குழந்தை சீட் எல்லோரிடமும் இருக்காது, முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

அம்மாவுக்கு என் வணக்கங்கள்.

உங்கள் அன்புத் தம்பி