கோமதிக்கு: கன்ட்ரோலர் நல்லாத்தான் இருக்கு

அன்புள்ள கோமதி,

கேம் கன்ட்ரோலர் கம்ப்யூட்டர்ல ஒழுங்கா வேலை செய்ய மாட்டேங்குதுன்னு நீ ஃபோன்ல புலம்பினதுக்கு அப்பவே பதில் சொல்லியிருப்பேன். ஆனா ஃபோன்ல சொன்னா நீ பாதிய கார்த்திகிட்ட சொல்லுவே, அவன் அதுல பாதிய காதுல வாங்குவான். எழுத்துல இருந்தா பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒண்ணொண்ணா செய்யலாம். அப்பா கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுன்னு சுகுணா சொன்னா, சந்தோஷம். சொட்டு மருந்து வேளாவேளைக்கு விடணும், அவர் ஏமாத்துவார், பாத்துக்கோ. இங்க எல்லாரும் சௌக்கியம்.

மொதல்ல, அந்தக் கடைக்காரர் பேச்சக் கேட்டு புதுசு வாங்கிடாதே. "போர்டு போச்சு மேடம்"ன்னு சொன்னவர் அதை ஒரு தடவையாவது ஒயர்ல மாட்டிப் பாத்தாரா? பிளேஸ்டேஷன் 4 கேம் கன்சோல்ல (பி.எஸ்.4) ஒழுங்கா ஆடுது, கம்ப்யூட்டர்ல மட்டும் தகராறுன்னா எந்தப் போர்டு போயிருக்கும்? சுகுமார் சார் வைவால இப்படி பதில் சொல்லியிருந்தா நோட்டு ஜன்னல் வழியா பறந்திருக்கும்.

உங்ககிட்ட இருக்கறது பி.எஸ்.4-ஓட கன்ட்ரோலர், பேரு டூயல்ஷாக் 4. அது ப்ளூடூத்துல பேசும், தனி ரிசீவர் எதுவும் வேண்டாம். உன் கொழுந்தன் குடுக்கறேன்னு சொன்ன பழைய எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலர் அப்படி இல்ல. அதுல ப்ளூடூத்தே கிடையாது, மைக்ரோசாஃப்ட்டோட தனி ரேடியோ, அதுக்குன்னு ஒரு யு.எஸ்.பி. ரிசீவர் வாங்கணும். ஒயர்லெஸ் மாடலோட வர்ற சார்ஜிங் கேபிள்ல கரன்ட் மட்டும்தான் போகும், அதை மாட்டிட்டு கம்ப்யூட்டர் ஏன் கண்டுக்கலன்னு கேக்கக் கூடாது. அவர் குடுக்கறது "எக்ஸ்பாக்ஸ் ஒன்" மாடலா இருந்தா நடுவுல இருக்கிற எக்ஸ்பாக்ஸ் பட்டனச் சுத்திப் பாரு. அந்த இடம் தனி பளபளப்புத் துண்டா இருந்தா அது பழசு, ப்ளூடூத் இல்ல. முகப்போட ஒரே பிளாஸ்டிக்கா இருந்தா 2016-க்கு அப்புறம் வந்த மாடல், ப்ளூடூத் உண்டு. கொழுந்தனோட தாராளத்துக்கு நன்றி சொல்லி அனுப்பிடு.

இப்ப வேலைக்கு வா. முதல்ல ஒயர்ல பாக்கணும். மைக்ரோ யு.எஸ்.பி. கேபிள் வேணும், ஆனா பவர் பேங்கோட வந்த குட்டிக் கேபிள் ஆகாது. அதுல பல சமயம் கரன்ட்டுக்கான ரெண்டு கம்பி மட்டும்தான் இருக்கும், டேட்டா கம்பியே இருக்காது. பழைய ஃபோன்ல ஃபோட்டோ காப்பி பண்ணின கேபிளா எடு. மாட்டினதும் விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேத்து அழுத்தி, வர்ற பெட்டில ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல்னு அடி. "ஒயர்லெஸ் கன்ட்ரோலர்"னு ஒரு வரி வரும், அதுல ப்ராப்பர்ட்டீஸ். ஒவ்வொரு பட்டனா அழுத்து, சிவப்பு வட்டம் எரியணும். அப்புறம் கைய எடுத்துட்டு அந்த கட்டத்துல இருக்கிற பிளஸ் குறிய பாரு. தொடாமலே ஒரு பக்கமா நழுவினா ஸ்டிக்குக்கு அடியில அசைவ அளக்கற பொட்டென்ஷியோமீட்டர் தேஞ்சிருக்கு. "ஆள் தானா ஓடறான்"னு கார்த்தி சொன்னானே, அது இதுவா இருக்கலாம். லேசா நழுவினா கேம் செட்டிங்க்ஸ்ல டெட்ஸோன (ஸ்டிக்கோட சின்ன அசைவ கண்டுக்காம விடற அளவு) கொஞ்சம் ஏத்தினா மறைஞ்சிடும், நிறைய நழுவினா அந்த பார்ட்ட மாத்தணும்.

இங்க ஒரு விஷயம், விளையாட்டில்ல. கன்ட்ரோலரோட ரெண்டு பாதியும் சேர்ற விளிம்பு எங்கயாவது உப்பி, இடைவெளி விட்டிருக்கான்னு விரலால தடவிப் பாரு. உள்ள இருக்கிறது லித்தியம் அயான் பேட்டரி. நீங்க அதை மேற்கு ஜன்னல் ஓரம் வெச்சு சார்ஜ் போடறத நானே பாத்திருக்கேன், அதுவும் மே மாசத்துல. உப்பியிருந்தா சார்ஜ் போடவே போடாதே, குத்தாதே, அமுக்காதே. பேட்டரி மட்டும் தனியா கிடைக்கும், மாத்திக்கலாம்.

ஒயர்ல சரியா வந்துடுச்சா? இனி ப்ளூடூத். ஹால்ல இருக்கிற பி.எஸ்.4 பிளக்க பிடுங்கிடு, ஸ்டாண்ட்பைல கூட இருக்க வேண்டாம். டூயல்ஷாக் 4 ஒரு நேரத்துல ஒரே ஒரு முதலாளியத்தான் ஞாபகம் வெச்சுக்கும். பி.எஸ். பட்டன மட்டும் அழுத்தினா அது கம்ப்யூட்டரத் தேடாது, கன்சோலப் போய் எழுப்பும். நீ சொன்ன "மெதுவா மின்னி அணைஞ்சு போகுது" இதேதான். ஷேர் பட்டனையும் பி.எஸ். பட்டனையும் சேத்து அமுக்கிப் பிடி, லைட் படபடன்னு ரெட்டை ரெட்டையா மின்னற வரைக்கும் விடாதே. விண்டோஸ்ல ப்ளூடூத் பக்கத்துல பழைய "ஒயர்லெஸ் கன்ட்ரோலர்" இருந்தா ரிமூவ் பண்ணிட்டு, ஆட் டிவைஸ், ப்ளூடூத், திரும்ப அதே பேரு வரும், தட்டு. அடம் பிடிச்சா பின்பக்கம் எல்2 பட்டன் கிட்ட ஒரு பொடி ஓட்டை இருக்கும், சிம் ஊசிய விட்டு 5 விநாடி அமுக்கி ரீசெட் பண்ணிட்டு முதல்லேருந்து. மறுபடி கன்சோல்ல ஒயர் போட்டு சேத்துட்டா கம்ப்யூட்டர்ல இதையெல்லாம் திரும்பப் பண்ணணும். வீட்டுல யார் எதுல ஆடறதுன்னு ஒரு முடிவுக்கு வாங்க.

நிறைய பேர் கோட்டை விடற இடம் அடுத்ததுதான், உங்க வீட்டுலயும் இதுதான்னு பந்தயம் கட்டுவேன். கம்ப்யூட்டர் பின்னாடி போய் குனிஞ்சு பாரு, உனக்கு அந்த உடற்பயிற்சியும் தேவை. மதர்போர்டுல பித்தளை நிறத்துல மறை போட்ட ரெண்டு முனை துருத்திக்கிட்டு இருக்கா? சும்மா மொட்டையா இருந்தா ஆன்டெனா மாட்டவே இல்ல. அசெம்பிள் பண்ணிக் குடுத்தவங்க "நெட்டுக்கு கேபிள்தானே"ன்னு டப்பாலயே விட்டிருப்பாங்க. வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே சிப்பு, ஒரே ஆன்டெனா. அது இல்லாம இரும்புப் பெட்டிக்குப் பின்னாடிலேருந்து, அதுவும் மேஜைக்கு அடியில சுவத்தப் பாத்து வெச்சா, ரெண்டடி தள்ளினதுமே சிக்னல் அறுந்துடும். மதர்போர்டு டப்பாவத் தேடி எடுத்து மாட்டிட்டு ஆன்டெனாவ மேஜை மேல வை. பாதிக் கதை அதோட முடிஞ்சிடும்.

மீதி கதை 2.4 ஜிகாஹெர்ட்ஸ். ப்ளூடூத் அந்த அலைவரிசைல 79 சேனல்ல, விநாடிக்கு 1600 தடவை தாவித் தாவிப் பேசுது. உங்க வேளச்சேரி ஃபிளாட்டுல மேல கீழ எதிர்லன்னு எல்லா வீட்டு ரவுட்டரும் அதே இடத்துலதான் கத்தறாங்க. அவங்கள நாம ஒண்ணும் பண்ண முடியாது, உங்க வீட்டு கம்ப்யூட்டரயும் டி.வி.யையும் வைஃபைல 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாத்து. இன்னொரு வில்லன் யு.எஸ்.பி. 3. அது ஓடற வேகத்துல கிளம்பற இரைச்சல் சரியா 2.4 பக்கம்தான் விழுது, இன்டெலே 2012-ல இதைப் பத்தி ஒரு அறிக்கை போட்டிருக்கு. ப்ளூடூத் டாங்கிள (யு.எஸ்.பி.ல செருகற குட்டி ப்ளூடூத் துண்டு) நீல நிற யு.எஸ்.பி. 3 போர்ட்டுல, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துல செருகினா, படம் காப்பி ஆகறப்பல்லாம் கேம்ல ஆள் சுவத்துல போய் முட்டுவான். ஒரு மீட்டர் யு.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, கறுப்பு யு.எஸ்.பி. 2 போர்ட்டுல மாட்டி, டாங்கிள மானிட்டர் பக்கமா கொண்டு வந்துடு. சில்லறைக் காசுல இதுக்கு மேல உருப்படியான வைத்தியம் கிடையாது.

டாங்கிளே வாங்கறதா இருந்தா ரிச்சி தெருவுக்குப் போ, ஆனா கண்ணாடி பெட்டில குவிச்சு வெச்சிருக்கிற பேரில்லாத நகச்சைஸ் டாங்கிள தொடாதே. சி.எஸ்.ஆர். கம்பெனி சிப்புன்னு பொய் சொல்ற நகல் அதுல ஏகப்பட்டது இருக்கு. மொதல்ல ஜோடி சேரும், நடுவுல கழண்டுக்கும். டிபி-லிங்க் யுபி500 மாதிரி ஒண்ணு கேளு. புதுசு மாட்டினா டிவைஸ் மேனேஜர்ல மதர்போர்டோட ப்ளூடூத்த டிசேபிள் பண்ணிடு, விண்டோஸ் ஒரு நேரத்துல ஒண்ணத்தான் வெச்சு ஓட்டும். அங்கேயே அடாப்டரோட பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துல, மின்சாரம் மிச்சம் பண்ண அணைச்சுக்கலாம்கிற டிக்க எடுத்துடு. கொஞ்ச நேரம் சும்மா இருந்தா கழண்டுக்கறது அதோட நிக்கும். கார்த்தி ப்ளூடூத் ஹெட்செட்டும் சேத்துப் போட்டா ரெண்டும் ஒரே ரேடியோவப் பங்கு போடும், ஆடறப்ப ஒயர் ஹெட்செட்டே போடட்டும். அதையும் கம்ப்யூட்டர்லதான் செருகணும், விண்டோஸ்ல ப்ளூடூத் வழியா கன்ட்ரோலர் ஓட்டறப்ப அதோட ஹெட்ஃபோன் துளைல சத்தம் வராது.

எல்லாம் சேந்தாச்சு, ஆனா கேம் மட்டும் கண்டுக்க மாட்டேங்குதா? இப்ப வர்ற கேமெல்லாம் பெரும்பாலும் எக்ஸ்இன்புட்டுங்கிற எக்ஸ்பாக்ஸ் பாஷையத்தான் எதிர்பாக்கும், டூயல்ஷாக் அதைப் பேசாது. நடுவுல ஒரு மொழிபெயர்ப்பாளர் வேணும். ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கேம் கடைல வாங்கின கேம்னா ஸ்டீம் செட்டிங்க்ஸ்ல கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலருக்கு ஸ்டீம் இன்புட்ட ஆன் பண்ணு, போதும். வேற கேமையும் "நான்-ஸ்டீம் கேம்"னு சேத்து அது வழியாவே திறக்கலாம். அது ஒத்து வரலன்னாதான் டிஎஸ்4விண்டோஸ்ங்கிற புரோகிராம். அதை கிட்ஹப் சைட்டுல இருக்கிற அதோட பக்கத்துலேருந்து மட்டும் எடுங்க, அதே பேர்ல போலி சைட்டுங்க நிறைய. கூட விஜெம்பஸ் டிரைவர் போடணும், அதுதான் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பொய் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர உண்டாக்கும். ஆனா ஸ்டீம் இன்புட்டு, டிஎஸ்4விண்டோஸ் ரெண்டையும் சேத்து ஓட்டக் கூடாதுடீ! ஒரு தடவை அழுத்தினா மெனு ரெண்டு படி தாவும், நிஜமும் பொய்யும் ரெண்டும் போய்ச் சேருது. ஒண்ண அணை, அப்பவும் தாவினா ஹிட்ஹைட்ங்கிற டிரைவர் போட்டு நிஜத்த மறைக்கணும்.

திரைல ஏ, பி, எக்ஸ், ஒய்னு காட்டினா குழம்ப வேண்டாம். பெருக்கல் குறி ஏ, வட்டம் பி, சதுரம் எக்ஸ், முக்கோணம் ஒய். ஆட்டம் முடிஞ்சா பி.எஸ். பட்டன 10 விநாடி அமுக்கி அணைக்கச் சொல்லு, உள்ள இருக்கிறது வெறும் 1000 மில்லி ஆம்பியர் பேட்டரி, அந்த லைட்டே அதுல பாதிய தின்னுடும் போல.

ஆன்டெனா டப்பா கிடைக்கலன்னா சொல்லு, என்கிட்ட ஒரு ஜோடி உபரியா கிடக்கு. சுதா பொண்ணு கல்யாணப் பத்திரிகை உனக்கு வந்துச்சா? மொய் தனித்தனியா எழுதறதா, போன தடவை மாதிரி ஒரே கவரான்னு சீக்கிரம் சொல்லு. "போன தடவை"ன்னதும் சிரிக்காதே.

இப்படிக்கு,
மல்டிமீட்டர்