கௌரியின் ஊருக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எங்கள் சொந்தச் செலவில் வந்த நாவலை வாசித்தவர்கள் சொன்ன நல்ல வார்த்தைகள் பெரும்பாலும் நான்காம் அத்தியாயத்துக்கே விழுந்தன. 1980-களின் கோவில்பட்டி, மிட்டாய் போடும் அடுப்படி, சென்னையில் வேலை கிடைத்தும் ஊரைவிட்டு நகர மனமில்லாத கௌரி. அந்தப் பாராட்டு மிட்டாய்க்கடை அண்ணாச்சிக்குச் சேர வேண்டியது.

முதல் வரைவில் 'கம்பிப் பதம் வந்ததும் கடலையைக் கொட்டினார்' என்று இருந்தது. அண்ணாச்சி அந்த வரியில் விரலை வைத்து, "இது பல்லுல ஒட்டும்" என்றார். கடலை மிட்டாய்க்குப் பாகு கம்பிப் பதத்தையும் உருட்டுப் பதத்தையும் தாண்டி முற்ற வேண்டும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து ஒடித்தால் 'டக்'கென்று முறிய வேண்டும். வளைந்தால் பாகு இன்னும் வேகவில்லை. கொஞ்சம் கூடிப்போனால் கசப்பு தட்டும். கடலையை வறுத்து, தோலைப் புடைத்து, பருப்பை இரண்டாக உடைத்து முன்பே தயாராக வைத்திருக்க வேண்டும். பலகையில் கொட்டிய கையோடு தேய்த்து, சூடு ஆறுமுன் கீற வேண்டும். ஆறிவிட்டால் வில்லை நேராக விழாமல் நொறுங்கும். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020-ல் என்பதால் அது கதைக்குள் வரவில்லை. வெல்லம் தேனிப் பக்கத்திலிருந்து வருவதை மட்டும் சேர்த்துக்கொண்டோம். ஊர்ப்பாசம் என்று எழுதி வைத்தால் யாருக்கும் உறைக்காது. பாகு சரியாக முறிந்தால் கௌரி ஏன் போகவில்லை என்பது தானாகப் புரியும்.

ஹாக்கி மைதானக் காட்சியைக் காப்பாற்றியவர் பழைய ஆட்டக்காரர் ஒருவர். 'நான்காவது குவார்ட்டரில் கோல்' என்று எழுதியிருந்தோம். பதினைந்து நிமிடம் வீதம் நான்கு பகுதி என்ற கணக்கு 2014-ல்தான் சர்வதேச ஆட்டங்களுக்கே வந்தது. அதற்கு முன் 35 நிமிடம் வீதம் இரண்டு பாதி. ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்று நினைத்தோம். இடைவேளை ஒன்றே ஒன்று என்றானதும் முழுக் காட்சியையும் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

மெய்ப்பு பார்த்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? 'வெஞ்சனம்' என்பதைத் தொடுகறி ஆக்கவில்லை, 'தீப்பெட்டி ஆபீஸ்' என்பதைத் தொழிற்சாலை ஆக்கவில்லை. உரையாடலில் கை வைக்காமல், கதைசொல்லியின் நடையில் மட்டும் ஒற்றுப்பிழை திருத்தினார். கதாநாயகிக்கு முதலில் மாரி என்று பெயர். கணினியில் ஒரே தட்டில் கௌரி என்று மாற்றியதில் மாரியம்மன் கோயில் கௌரியம்மன் கோயிலாகி மூன்று இடத்தில் நின்றது. அவர்தான் பிடித்தார். பின்னர் கையால் தட்டிய பக்கங்களில் 'கௌ' என்பதற்குக் கொம்பு போட்டுப் பக்கத்தில் 'ள' அடித்திருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் அகப்படாது. தனியாக ஒருமுறை அதையும் தேடி மாற்றச் சொன்னார்.

பக்கம் அமைத்த தம்பிக்கு அடுத்த நன்றி. புத்தகம் 211 பக்கத்தில் வந்து நின்றது. அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். பதின்மூன்று பாரம் என்றால் 208. மிஞ்சிய மூன்று பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட வேண்டும். எழுத்தைச் சிறிதாக்குவோம் என்று நாங்கள் சொன்னது எவ்வளவு மோசமான யோசனை என்று இப்போது தெரிகிறது. அவர் எழுத்தைத் தொடவில்லை. பத்தி முடிவில் ஒற்றைச் சொல்லாகத் தொங்கிய வரிகளை மேலே இழுத்தே மூன்று பக்கத்தையும் மீட்டார். உள் ஓரத்தில் இருபது மில்லிமீட்டரையும் விட்டுக்கொடுக்கவில்லை. அதைக் குறைத்திருந்தால் வரியின் நுனி புத்தக முதுகுக்குள் போய், புத்தகத்தை மடக்கிப் பிடித்துத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

பைண்டிங் அண்ணன் பசை போடுமுன் ஒரு தாளை நெடுக்காகவும் குறுக்காகவும் கிழித்துப் பார்த்தார். நேராகக் கிழிந்த திசை குறுக்கே இருந்தது. தாளின் இழை முதுகுக்கு இணையாக ஓடாவிட்டால் பசையின் ஈரத்தில் தாள் அலையலையாக நெளியும், புத்தகம் விரிந்து படியாது. வந்த தாளைத் திருப்பி அனுப்ப வைத்தார். நான்கு நாள் தாமதம். அன்று கோபப்பட்டதற்கு மன்னிக்கவும்.

புத்தகத்துக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். கட்டணமில்லாமல் கிடைக்கும் என்று வழி சொன்னவருக்கும், கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்கு முப்பது நாளுக்குள் படி அனுப்ப வேண்டும் என்று நினைவூட்டிய நூலகருக்கும் நன்றி.

92-ஆம் பக்கத்தில் 'வெல்லம்' 'வெள்ளம்' ஆகிவிட்டதைச் சொன்ன வாசகர்கள் நால்வருக்கும் நன்றி. இரண்டுமே சரியான சொல் என்பதால் கணினியின் பிழைதிருத்தி அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பக்கத்தில் கொப்பரை நிறைய வெள்ளம் கொதிக்கிறது. கையிலிருக்கும் படிகளில் பேனாவால் திருத்திவிட்டோம். உங்களிடம் இருப்பதில் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.