மெடிகேர்: ஜூலைக்கு முன் முடிவு செய்ய வேண்டியவை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. வேலை அடுத்த ஜூன் வரைதான், அதற்கப்புறம் வருஷத்துக்கு மூன்று மாதம் மதுரை வாசம் என்று எழுதியிருந்ததைப் படிக்கவே நிறைவாக இருந்தது. “பிரீமியம் கிடையாது, பல்லும் கண்ணும் இலவசம்” என்று வந்த அட்வான்டேஜ் (65 வயதானவர்களுக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரைத் தனியார் கம்பெனி வழியாகப் பெறும் திட்டம்) விளம்பரத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் விஷயத்தில் அதை எடுக்காதே என்பதுதான் என் அபிப்பிராயம். காரணம் சொல்கிறேன்.

மெடிகேரில் டாக்டர், வெளிநோயாளி செலவுக்கான பகுதியான பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்கு, உன் உடல்நிலையைப் பற்றிக் கேட்காமல் மெடிகேப் பாலிசி (மெடிகேர் போக மீதியைக் கட்டும் தனியார் காப்பீடு) கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். உனக்கு அது 2027 ஜூலை முதல் டிசம்பர் வரை. அது கடந்தால் டெக்சஸில் கம்பெனி உன் மருத்துவக் குறிப்புகளைக் கேட்கும். சர்க்கரையைக் காட்டி மறுக்கலாம், பிரீமியத்தை ஏற்றலாம். நியூ யார்க், கனெக்டிகட் மாதிரி சில மாநிலங்களில்தான் இந்தத் தொல்லை இல்லை. மெடிகேப்பிலிருந்து அட்வான்டேஜுக்கு எந்த அக்டோபரிலும் மாறலாம். திரும்பி வருவதுதான் கஷ்டம். சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றை நம்பி இறங்காதே.

பணக் கணக்கைப் பார். 2026-இல் பார்ட் பி மாதம் 202.90 டாலர், எந்த வழியில் போனாலும் இதைக் கட்ட வேண்டும். வருஷ டிடக்டிபிள் (முதலில் உன் கையிலிருந்து கட்டும் தொகை) 283. அதற்கு மேல் மெடிகேர் 80 சதவீதம் தரும், மீதி 20 உன்னுடையது, அதற்கு உச்சவரம்பே இல்லை. கீமோ மாதிரி சிகிச்சைக்கு மெடிகேர் ஒப்புக்கொண்ட தொகை 60,000 டாலர் என்று வைத்துக்கொள். உன் பங்கு சுமார் 12,000. மெடிகேப்பில் பிளான் ஜி என்ற வகை இருந்தால் அந்த 283-ஓடு முடிந்தது. அட்வான்டேஜில் நெட்வொர்க்குக்குள் (திட்டத்தோடு ஒப்பந்தம் உள்ள டாக்டர், ஆஸ்பத்திரிகளில்) 9,250 வரை உன் கையிலிருந்து போகலாம் (சில திட்டங்களில் வரம்பு குறைவு). நவம்பரில் தொடங்கிய சிகிச்சை ஜனவரிக்கு நீண்டால் அந்த வரம்பு மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணப்படும். பலருக்கு இது பில் வந்த பிறகுதான் தெரிகிறது. எம்.ஆர்.ஐ., மறுவாழ்வு சிகிச்சை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் முன் அனுமதியும் வேண்டும். ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், அது உன் நெட்வொர்க்கில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கும்.

பிளான் ஜி மலிவல்ல. மாதம் நூறு டாலருக்கு மேல் ஆகும், வருஷாவருஷம் ஏறும். எந்தக் கம்பெனி விற்றாலும் பிளான் ஜி தரும் பலன் ஒன்றுதான். ஆகவே விலையையும், கடந்த ஐந்து வருஷத்தில் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதையும் மட்டும் கேள். கையில் பணம் இறுக்கமாக இருப்பவருக்கு அட்வான்டேஜ் நல்ல வழிதான். உனக்கு அந்த நெருக்கடி இல்லை.

மதுரைக்கு வருவோம். மெடிகேர் அங்கே செல்லாது. பிளான் ஜி-யில் வெளிநாட்டு அவசர சிகிச்சைக்கு 250 டாலர் போக 80 சதவீதம் கிடைக்கும், ஆயுளுக்கு 50,000 வரை. ஆனால் பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் தொடங்கியதாக இருக்க வேண்டும். மூன்றாவது மாதத்துக்குத் தனிப் பயணக் காப்பீடு எடு. ஆஸ்பத்திரியில் நீதான் முதலில் பணம் கட்டுவாய். டிஸ்சார்ஜ் சம்மரியும், இனவாரியான பில்லும் வாங்காமல் வெளியே வராதே.

அடுத்து தேதிகள். கம்பெனியில் 20 பேருக்கு மேல் இருப்பதால், வேலையில் இருக்கும்வரை பார்ட் பி-யைத் தள்ளிப்போடலாம், அபராதம் இல்லை. மே மாதமே விண்ணப்பித்துவிடு: சி.எம்.எஸ்-40பி படிவம் நீ நிரப்புவது, எல்564 உன் எச்.ஆர். நிரப்புவது. “கோப்ரா இருக்கிறதே, பொறுமையாகப் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதே. கோப்ரா (வேலை விட்ட பிறகும் கம்பெனிக் காப்பீட்டைச் சொந்தப் பணத்தில் தொடர்வது) வேலையோடு வரும் காப்பீடாகக் கணக்கில் வராது. வேலை நின்று எட்டு மாதம் தாண்டினால், தாமதமான ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் 10 சதவீதம் ஆயுள் முழுக்கக் கூடுதலாகக் கட்ட வேண்டும். மருந்துக் காப்பீடான பார்ட் டி-க்கு அவகாசம் இன்னும் குறைவு, இரண்டே மாதம். மாத்திரை எதுவும் சாப்பிடாவிட்டாலும் இருப்பதில் மலிவான ஒன்றை எடுத்து வை. சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயரையும் மில்லிகிராமையும் மெடிகேர் தளத்தில் போட்டுப் பார். ஒரே திட்டத்திலேயே பார்மசிக்குப் பார்மசி விலை மாறும்.

எச்.எஸ்.ஏ.-வில் (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) போடுவதை இந்த அக்டோபரோடு நிறுத்து. மே மாதம் விண்ணப்பித்தால் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ ஆறு மாதம் பின்னோக்கி நவம்பரிலிருந்தே தொடங்கும். அதற்குப் பிறகு போட்ட பணத்துக்கு வரி, அதற்கு மேல் 6 சதவீத அபராதம்.

பார்ட் பி-க்கு உன் இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானத்தைப் பார்ப்பார்கள். 2026-க்கான வரம்புப்படி தம்பதியின் அந்த வருமானம் 2,18,000 டாலரைத் தாண்டினால் கூடுதல் கட்டணம். உன் விஷயத்தில் அந்த முந்தைய வருஷம் நீங்கள் இருவரும் சம்பாதித்தது என்பதால் கடிதம் நிச்சயம் வரும். பயப்படாதே; வேலை நின்றதைச் சொல்லி எஸ்.எஸ்.ஏ-44 படிவம் கொடுத்தால் புதிய வருமானத்தை வைத்துக் கணக்கிடுவார்கள்.

சாந்திக்கு 62 தானே? உன் கார்டில் அவளைச் சேர்க்க முடியாது. அவளுக்குக் கோப்ராவா, மார்க்கெட்பிளேஸ் (தனிநபர் காப்பீட்டுக்கான அரசுச் சந்தை) திட்டமா என்று இப்போதே விலை கேட்டு வை. உன் மாத்திரைப் பட்டியலை அனுப்பு, பார்ட் டி-யைச் சேர்ந்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
ரவி